பனி காத்துத் தந்த பழம்பொருள்கள்

பண்டை மக்களின் வாழ்க்கையை விளக்கும் சான்றுகளுள் பெரும்பாலானவை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவையே. ஆனால், மண் நடுநிலையுள்ள காவலாளி அன்று. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றுள் கல், சுட்ட மண், உலோகம் ஆகியவற்றை அது ஓரளவு திருப்பித் தருகிறது; துணி, தோல், மரம், கயிறு, இறகு போன்றவற்றைத் தின்றுவிடுகிறது. ஆகவேதான் உலகெங்குமுள்ள பொருட்காட்சிசாலைகளில் பானை ஓடுகளும் கற்கருவிகளும் நிறைந்திருக்க, அவற்றைக் கையாண்ட மனிதன் உடுத்திய உடையையோ, தொடுத்த செருப்பையோ காண்பது அரிதாக இருக்கிறது.

மொகஞ்சதாரோவில் நடந்த அகழ்வே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிந்து வெளி மக்கள் பருத்தி நெய்தவர்கள். எனினும், அந்நகரில் கிடைத்த பருத்தித் துணி மிகச் சிறிய துண்டேயாகும். அதுவும் ஒரு வெள்ளிக் கலத்தை ஒட்டிக் கிடந்தமையால், உலோக உப்புக்கள் அதனுள் ஊறி, அதை அரிக்க வந்த நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்தியதால் எஞ்சியது. ஒரு பெரு நாகரிகத்தின் நெசவுத் தொழிலுக்கு ஒரு கந்தல் துண்டு சாட்சி சொல்ல வேண்டிய நிலை அது.

உலகின் குளிர் மலைகளில் வேறொரு காவலாளி உண்டு. அதுவே பனிக்கட்டி. மண் அழிக்கும் பொருள்களையே அது சிறப்பாகக் காக்கின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த பொருள்களை, உலகின் உஷ்ணநிலை உயர்ந்து வருவதன் விளைவாக, இக்காலத்தில் அது ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. ஆல்ப்ஸ் மலைநாடுகளிலும் நார்வேயிலும் கனடாவிலும் இப்பொருள்களைப் பாதுகாப்பதற்கென்றே தனிப்பட்ட ஏற்பாடுகள் தோன்றியுள்ளன. பனி இவற்றைக் காத்த முறை யாது, அது கைவிட்டபின் அந்தப் பொறுப்பைப் பொருட்காட்சிசாலை எவ்வாறு ஏற்கிறது என்பவற்றை ஆராய்வோம்.

மண் அழிப்பதும் பனி காப்பதும்

இறந்த உயிர்ப்பொருள் அழுகுதல் என்பது பாக்டீரியா, காளான் முதலிய நுண்ணுயிர்களின் செயலாகும். அவை தொழில் புரிவதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். அவற்றுள் பலவற்றுக்குப் பிராணவாயுவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அழுகல் தளர்கிறது. எகிப்தின் பாலைவனத்தில் ஈரம் இல்லாமையால் பிணங்களும் துணிகளும் எஞ்சின. வட ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் பிராணவாயு இன்மையால் மனித உடல்கள் தோலோடு எஞ்சின.

பனிக்கட்டியிலோ இத்தடைகள் யாவும் ஒருங்கே அமைகின்றன. நீர் உண்டு, ஆனால் அது உறைந்து கிடப்பதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படுவதில்லை. உஷ்ணநிலை குறையக் குறைய ரசாயன மாற்றங்களின் வேகமும் குறைகிறது. பத்து டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொதுவான கணக்கு. தடித்த பனிக்குள் காற்று எளிதில் புகுவதில்லை. சாயத்தையும் இழையையும் சிதைக்கும் ஒளிக்கதிர்களும் உட்புகுவதில்லை. வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி சில நாட்களுக்குச் செய்யும் வேலையை மலைப்பனி சில ஆயிரம் ஆண்டுகளுக்குச் செய்கிறது எனலாம்.

ஓடும் பனியும் ஓடாப் பனியும்

மலைகளிலுள்ள பனியெல்லாம் இவ்வாறு காக்கும் என்று கருதுதல் கூடாது. பனிக்கட்டியைத் திடப்பொருள் என்கிறோம். எனினும், பல பத்து மீட்டர் கனத்துக்கு அது சேர்ந்துவிட்டால், தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் சரிவை நோக்கி மெல்ல ஒழுகத் தொடங்குகிறது. இதுவே பனியாறு. அதில் விழுந்த பொருள் பனியோடு சேர்ந்து கீழே இழுக்கப்படுகிறது. பாறைக்கும் பனிக்கும் இடையே அகப்பட்டு நொறுங்குகிறது. சில நூறு ஆண்டுகளில் பனியாற்றின் அடிமுனையில் சிதைந்த நிலையில் வெளித்தள்ளப்படுகிறது. ஆகவே மிகப் பழைய பொருள்கள் பனியாறுகளில் கிடைப்பது அரிது.

மலைச் சரிவுகளின் நிழல் மிகுந்த பள்ளங்களில் வேறொரு வகைப் பனி உண்டு. காற்று அடித்துக் கொணர்ந்த பனி ஆண்டுதோறும் அங்கே சேர்கிறது. அது ஒழுகுமளவுக்குக் கனமாவதில்லை; தரையோடு உறைந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதைப் பனித்திட்டு என அழைக்கலாம். இதன்மேல் விழுந்த அம்பு விழுந்த இடத்திலேயே மூடப்பட்டுக் கிடக்கும். நார்வேயில் யூவ்பொன்னா என்னும் பனித்திட்டினுள் 2010-ஆம் ஆண்டில் ஒரு சுரங்க வழி வெட்டப்பட்டது. அதன் அடிப்பகுதியிலுள்ள பனி ஏறத்தாழ 7,600 ஆண்டுப் பழமையுடையது என ஆராய்ச்சியிற் கண்டனர். பொதுமக்கள் அச்சுரங்கத்தில் நடந்து சென்று, பல்லாயிரம் ஆண்டுப் பனி அடுக்குக்களைச் சுவரில் நேரிற் காணுமாறு அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது.

ஆளற்ற இப்பனித்திட்டுக்களை மனிதர் நாடிச் சென்றது எதற்காக? பனிமான்களே காரணம். கோடையில் ஒருவகை ஈக்கள் பனிமான்களை மொய்த்து வருத்தும். குளிர்ந்த பனிமேல் அந்த ஈக்கள் வருவதில்லை. எனவே வெயில் நாட்களில் மான் கூட்டங்கள் பனித்திட்டின்மேல் ஏறி நிற்கும். இதை அறிந்த வேடர் அங்கே காத்திருந்தனர். மெல்லிய மரக்கோல்களின் நுனியில் அசையும் சிறு பலகைகளைக் கட்டி வரிசையாக நட்டனர். காற்றில் அவை படபடக்க, வெருண்ட மான்கள் வேடர் மறைந்திருந்த பக்கம் ஓடின. குறி தவறிய அம்புகள் பனிக்குள் புதைந்தன. அந்த அம்புகளும் வெருட்டுக் கோல்களும் இப்போது நூற்றுக்கணக்கில் வெளிவருகின்றன.

கனடாவின் வடமேற்கிலுள்ள யூகான் பிரதேசத்திலும் இதே வரலாறுதான். 1997-ஆம் ஆண்டில் தாண்ட்லாட் என்ற மலையில் பனி உருகிய இடத்தில் காரிபூ என்னும் பனிமானின் சாணம் மிகப் பரந்து கிடந்தது. அண்மைக் காலத்தில் மான்களே காணப்படாத இடம் அது. அங்கே கிடைத்த எறிகோல் துண்டு 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனத் தெரிந்தது. பின்னர் அப்பகுதியின் பனித்திட்டுக்களிலிருந்து ஏராளமான வேட்டைக் கருவிகள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில் இறகும், கட்டிய நரம்பும், பூசிய செங்காவியும் அழியாமல் இருந்தன. அவற்றைக் கால வரிசையில் அடுக்கியபோது, பல்லாயிரம் ஆண்டு வழங்கிய எறிகோல் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்குமுன் மறைந்து, வில்லும் அம்பும் அதன் இடத்தைப் பிடித்தன என்னும் உண்மை புலனாயிற்று. கல் முனைகளை மட்டும் கொண்டு இதனை இவ்வளவு தெளிவாகக் கூறியிருத்தல் இயலாது.

ஆல்ப்ஸ் மலையின் பனி மனிதன்

பனியிலிருந்து வெளிவந்தவற்றுள் உலகப் புகழ் பெற்றது ஆல்ப்ஸ் மலையிற் கிடைத்த ஒரு மனித உடலாகும். 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக அமைந்த ஓட்ஸ்டால் மலைத்தொடரில், 3,210 மீட்டர் உயரத்தில், மலையேறச் சென்ற ஜெர்மானியத் தம்பதியர் பனியிலிருந்து வெளியே நீட்டிக் கொண்டிருந்த ஓர் உடலைக் கண்டனர். அண்மையில் இறந்த மலையேறி ஒருவரின் உடல் என்றே எல்லோரும் எண்ணினர். அதனால் அதனை வெளியே எடுப்பதில் உரிய கவனம் செலுத்தப்படவில்லை. பனியை உடைக்கப் பயன்படுத்திய காற்றழுத்தத் துளைக்கருவி அவ்வுடலின் இடுப்பைச் சிதைத்தது.

இன்ஸ்புருக் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கான்ராட் ஸ்பிண்ட்லர் என்ற பேராசிரியர், உடலின் அருகே கிடைத்த கோடரியின் அமைப்பைக் கண்டதுமே, இது 4,000 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையதெனக் கூறினார். ரேடியோ கார்பன் ஆராய்ச்சி அவர் மதிப்பீட்டையும் விஞ்சியது. உயிருள்ளவரை ஒவ்வோர் உடலும் கதிரியக்கமுள்ள கரி அணுக்களை உணவின் வழியாகப் பெற்றுக்கொண்டே இருக்கும். இறந்தபின் வரவு நின்றுவிடுகிறது. இருப்பு 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்கிறது. பனி மனிதனின் உடலில் எஞ்சியிருந்த அளவைக்கொண்டு, அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்தவன் என முடிவு செய்தனர். எகிப்தியப் பெரும் பிரமிடுகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவன் அவன்.

அவனுடைய உடைமைகளே ஆராய்ச்சியாளரைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தின. கரடித் தோல் தொப்பி, ஆட்டுத் தோல் மேலங்கி, புல் திணித்த காலணி, யூ மரத்தாலான 1.8 மீட்டருக்கு மேற்பட்ட வில், 14 அம்புகள் கொண்ட தூணி ஆகியவை கிடைத்தன. வில் இன்னும் செதுக்கி முடிக்கப்படாதது. அம்புகளுள் இரண்டே எய்வதற்கு ஏற்றவையாக இருந்தன. பிர்ச் மரப்பட்டையால் செய்த கலங்களும் கிடைத்தன. காஷ்மீரத்துப் பழைய சுவடிகள் எழுதப்பட்ட பூர்ஜ மரம் இம்மரத்தின் இனத்தைச் சேர்ந்ததே. கோடரியின் அலகு ஏறக்குறையக் கலப்பற்ற செம்பு. 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, அந்தச் செம்பு தொலைவிலுள்ள தென் டஸ்கனிப் பகுதியின் கனியத்திலிருந்து வந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலோகம் மலை கடந்து வாணிகம் ஆயிற்று என்பதற்கு இது சான்றாகும்.

கண்டெடுத்துப் பத்தாண்டுகள் கழிந்த பின், 2001-இல், எக்ஸ் கதிர்ப் படத்தில் அவனது இடது தோளில் ஒரு கல் அம்பு முனை புதைந்திருப்பது தெரிந்தது. அவன் குளிரால் இறக்கவில்லை, கொல்லப்பட்டான். பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதன் பயன் இதனால் விளங்கும். ஒரு தலைமுறை காணாததை அடுத்த தலைமுறையின் கருவி காணக்கூடும். காண்பதற்குப் பொருள் எஞ்சியிருக்க வேண்டும்.

கட்டிடத்துக்குள் ஒரு பனிமலை

எல்லையை அளந்து பார்த்தபோது, உடல் கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளி இருந்தது. எனவே 1998-ஆம் ஆண்டில் பனி மனிதனை இத்தாலியின் தென் டிரோல் மாகாணத்திலுள்ள போல்ஸானோ நகரின் தொல்பொருட்காட்சிசாலைக்குக் கொண்டு வந்தனர். பனி 5,300 ஆண்டுகளாகச் செய்த வேலையை அன்று முதல் இயந்திரங்கள் செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கென அமைத்த அறையில் உஷ்ணநிலை உறைநிலைக்கு 6 டிகிரி கீழே இருக்குமாறு வைக்கப்படுகிறது. ஆனால் குளிர் மட்டும் போதாது. பனிக்கட்டி உருகாமலே ஆவியாகும் தன்மையுடையது; இதைப் பதங்கமாதல் என்பர். வறண்ட குளிர்க் காற்றில் வைத்தால் உடலிலுள்ள பனி மெல்ல மெல்ல ஆவியாகி, உடல் காய்ந்து சுருங்கிவிடும். ஆகவே அறையின் ஈரப்பதம் 99 சதவீதத்தை ஒட்டி இருக்கச் செய்கின்றனர். அவ்வப்போது கிருமி நீக்கிய நீரை உடல்மீது தெளிக்கின்றனர். அது மெல்லிய பனிப் போர்வையாக உறைகிறது. காய வேண்டிய நேரத்தில் அப்போர்வை காய்கிறதேயன்றி உடல் காய்வதில்லை. பார்வையாளர் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்ச் சதுரமுள்ள ஒரு சிறு பலகணி வழியாகவே உடலைக் காண முடியும். காட்சியின் முக்கியப் பகுதி அந்த உடல் அன்று. ஒரு கட்டிடத்துக்குள் இடைவிடாமல் நடத்தப்பட்டு வரும் செயற்கைப் பனிமலையே எனலாம்.

கணவாயில் சிந்திய பொருள்கள்

பனி மனிதன் தனியொருவனின் வரலாற்றைக் கூறுகிறான். நார்வேயின் பனித்திட்டுக்களோ ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கூறுகின்றன. 2006-ஆம் ஆண்டில் யோட்டுன்ஹைமன் மலைப் பகுதியில் பனி மிகுதியாக உருகியது. அப்போது கிடைத்த தோல் காலணி ஒன்று வெண்கலக் காலத்தது; ஏறத்தாழ 3,300 ஆண்டுப் பழமையுடையது. அது முதற்கொண்டு ஆண்டுதோறும் கோடை இறுதியில் ஆராய்ச்சியாளர் மலையேறித் தேடி வருகின்றனர். இதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்துள்ளன.

இவ்விடங்களுள் லெண்ட்பிரேன் என்னும் கணவாய் தனிச் சிறப்புடையது. கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள இது, கி. பி. 300 முதல் 1500 வரை மக்கள் நடந்த வழி. கி. பி. 1000-ஐ ஒட்டிப் போக்குவரத்து உச்சநிலையில் இருந்தது. குதிரை லாடம், சறுக்கு வண்டியின் துண்டுகள், கையுறை, காலணி, குதிரைகள் பனியில் அமிழாமல் நடக்கக் காலிற் கட்டிய வளையம், குதிரைச் சாணம் ஆகிய யாவும் வழி நெடுகிலும் கிடந்தன. 2011-இல் ஒரு கம்பளிச் சட்டை கசங்கிய மூட்டையாகக் கிடைத்தது. கி. பி. 230-க்கும் 390-க்கும் இடைப்பட்ட காலத்தில் நெய்யப்பட்ட அச்சட்டையில் சாய்சதுரக் கட்டங்கள் தெரியுமாறு இழை ஓட்டியிருந்தனர். கிழிந்த இடங்களில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தனர். ஒரு சட்டையை எளிதில் எறிந்துவிடாத வாழ்க்கை முறையை அந்த ஒட்டுத்துணிகள் தெரிவிக்கின்றன.

பொருள்களின் காலங்களை வரிசைப்படுத்தினால் பருவநிலையின் வரலாறும் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஷ்னிடயோக் என்ற 2,756 மீட்டர் உயரக் கணவாயில், ஐரோப்பாவில் கடும் வெப்பம் நிலவிய 2003-ஆம் ஆண்டுக் கோடை முதல் பழம்பொருள்கள் வெளிப்பட்டன. கற்காலம், வெண்கலக் காலம், ரோமானியர் காலம், இடைக்காலம் ஆகியவற்றைச் சேர்ந்த பொருள்கள் அங்கே உள்ளன. இடைப்பட்ட சில காலங்களுக்கு ஏதும் இல்லை. பனி பின்வாங்கியபோது வழி திறந்தது, பனி பெருகியபோது மூடியது என்பதே இதன் பொருள். அங்கே கிடைத்த பிர்ச் பட்டையாலான வில்லுறை கி. மு. 2800-ஐ ஒட்டியது. ஈரமும் காற்றும் பட்டால் சில ஆண்டுகளுக்குள் மக்கக்கூடிய அப்பொருள் நல்ல நிலையில் கிடைத்ததால், அந்த இடம் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து பனியால் மூடப்பட்டிருந்தது என்பதும், இன்றைய உருகல் அத்தொடர்ச்சியை அறுத்துவிட்டது என்பதும் பெறப்படும்.

காட்சிசாலையே கற்றுக்கொண்ட பாடம்

நார்வேயில் கிடைத்த இப்பொருள்கள் ஆஸ்லோ பல்கலைக் கழகத்தின் பொருட்காட்சிசாலையில் பேணப்படுகின்றன. அவை கிடைத்த மலைகளின் அடிவாரத்தில் லோம் என்னும் ஊரிலுள்ள மலை நிலையத்திலும் காட்சி அமைத்துள்ளனர். கிடைத்த இடத்துக்கு அருகே காட்சி அமைப்பதன் நன்மைக்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும்.

லெண்ட்பிரேனில் இரு முனையிலும் கீறல் அமைந்த சிறு மரத்துண்டு ஒன்று கிடைத்தது. அது என்னவென்று ஆராய்ச்சியாளருக்கு விளங்கவில்லை. காட்சிக்கு வைத்தபோது அப்பகுதியைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர் அதைக் கண்டு, இது ஆட்டுக்குட்டியின் வாய்க்கட்டை என்றார். குட்டி தாயிடம் பால் ஊட்டாமல் தடுத்து, பாலை வீட்டுக்குக் கறந்துகொள்வதற்காக வாயில் இதனைப் பூட்டுவர். 1930-களில் தம் ஊரில் இது வழக்கத்தில் இருந்ததென்றும் அவர் கூறினார். ரேடியோ கார்பன் முறையில் ஆராய்ந்தபோது அத்துண்டு கி. பி. 11-ஆம் நூற்றாண்டினது எனத் தெரிந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளாக வடிவம் மாறாத ஒரு கருவியை நூல்கள் அறியவில்லை. ஆடு வளர்த்த கை அறிந்திருந்தது. பொருட்காட்சிசாலை மக்களுக்குக் கற்பிக்கும் இடம் மட்டும் அன்று. மக்களிடம் கற்கும் இடமுமாகும்.

பனியிலிருந்து பேழைக்கு

பனியிலிருந்து வெளிப்பட்ட பொருளுக்கு ஆபத்து உடனே தொடங்குகிறது. இறகும் தோலும் கம்பளியும் வெயில், மழை, காற்று, நுண்ணுயிர் ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்கின்றன. அவை அழிவதற்குச் சில கோடைகளே போதும். மரமும் வெயிலில் வெடித்து வளைந்து போகும். மலையின் தேடுதற்காலமோ குறுகியது. கோடைப் பனி உருகித் தீர்வதற்கும் புதுப்பனி விழுவதற்கும் இடையே சில வாரங்களே உண்டு. அச்சில வாரங்களில் காணப்படாதவை பெரும்பாலும் என்றென்றைக்கும் காணப்படாமலே போகின்றன.

கண்டெடுத்த பொருளை முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் நன்கு பொதிந்து, குளிர் மாறாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். நீர் ஊறிய மரத்தையும் தோலையும் அப்படியே உலரவிடலாகாது. நீர் வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை மெலிந்த உயிரணுச் சுவர்களை உள்நோக்கி இழுத்து மடக்கிவிடும். அதனால் சில பொருள்களில் மெழுகு போன்ற ஒரு ரசாயனத்தை முதலில் ஊறச் செய்து, பொருளை உறையவைத்து, காற்று நீக்கிய கலத்தில் வைக்கின்றனர். அங்கே பனி திரவமாகாமலே ஆவியாகிப் பிரிகிறது. திரவம் இல்லாததால் இழுவிசையும் இல்லை. பொருளின் வடிவம் மாறாமல் நிற்கிறது. ஆவியாதல் பனி மனிதனின் உடலுக்குப் பகை. ஆய்வுக்கூடத்தில் அதுவே துணை.

காட்சிப் பேழைக்கு வந்தபின்னும் காவல் முடிவதில்லை. ஈரப்பதம் ஏறி இறங்கினால் தோலும் மரமும் விரிந்து சுருங்கி வெடிக்கும். ஒளி பட்டால் இழை நொறுங்கும், சாயம் வெளுக்கும், இச்சிதைவு மீளாதது. எனவே பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி தருவது பொருட்காட்சிசாலைகளின் வழக்கம். ஒரு மீட்டர் தொலைவில் ஒரு மெழுகுவத்தி தரும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ் ஆகும். நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். இத்தகைய கூடங்கள் மங்கலாக இருப்பது சிக்கனத்தினால் அன்று. அந்த மங்கல் பனியின் இருளுக்குப் பதிலாக அமைந்தது.

காட்சிக்கு வைக்கப்படாத இளைஞன்

பனி தந்ததையெல்லாம் பேழையில் வைத்தாக வேண்டுமா என்னும் கேள்வியும் எழுகிறது. 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கு மூலையில், பனியாற்றின் விளிம்பில், வேட்டைக்குச் சென்றவர்கள் ஓர் இளைஞனின் உடலைக் கண்டனர். அந்நிலத்தின் பழங்குடியினரான ஷாம்பேன்-ஏஷியாக் மக்கள் அவனுக்குக் க்வடாய் டான் சின்ச்சி என்று பெயரிட்டனர். நெடுங்காலத்துக்கு முற்பட்டவன் கண்டெடுக்கப்பட்டான் என்பது அதன் பொருள். அவன் ஏறத்தாழ 18 வயதினன். இறந்து சில நூற்றாண்டுகளே ஆகியிருந்தன.

அரசாங்கமும் பழங்குடியினரும் கலந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். குறிப்பிட்ட காலத்துக்கு விஞ்ஞான ஆராய்ச்சிக்கு இசைந்த அம்மக்கள், 2001-ஆம் ஆண்டில் உடலைத் தகனம் செய்து, சாம்பலை அவன் கிடந்த இடத்துக்கே கொண்டுசென்றனர். எடுத்து வைத்திருந்த சிறு மாதிரிகளைக் கொண்டு பின்னர் நடத்திய மரபணு ஆராய்ச்சியில், தாய்வழியில் அவனுக்கு உறவினரான 17 பேர் உயிரோடிருப்பது 2008-இல் தெரியவந்தது. காட்சிப் பொருளாகாமலே அவன் ஒரு சமுதாயத்துக்குத் தன் வரலாற்றைத் தந்தான். போல்ஸானோவின் முறையும் இம்முறையும் வேறு வேறானவை; ஆயினும் இறந்தவனை ஆராயுமுன் அவனைச் சேர்ந்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்னும் நெறியை உலகப் பொருட்காட்சிசாலைகள் இத்தகைய நிகழ்ச்சிகளால் உணர்ந்து வருகின்றன.

இமயமும் ரூப்குண்டமும்

இந்தியாவில் இப்பொருளோடு நேரே தொடர்புடைய இடம் உத்தராகண்டத்திலுள்ள ரூப்குண்டமாகும். ஐயாயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலுள்ள இச்சிறு ஏரி, ஆண்டின் பெரும் பகுதி உறைந்திருக்கும். பனி உருகும் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான மனித எலும்புகள் கரையிலும் நீரடியிலும் தென்படுகின்றன. 1942-ஆம் ஆண்டில் வனத்துறை அலுவலர் ஒருவரால் இவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. எலும்புகளோடு தோல் காலணி முதலிய பொருள்களும் கிடைத்தன.

இவர்கள் யாவரும் ஒரே விபத்தில் மாண்ட ஒரு கூட்டத்தினர் என்பதே நெடுநாள் நிலவிய கருத்து. இந்திய மானிடவியல் ஆய்வுத் துறை பாதுகாத்து வைத்திருந்த எலும்புகளைக் கொண்டு, ஐதராபாத்து, லக்னோ ஆகிய நகரங்களின் ஆராய்ச்சி நிலையங்களும் அயல்நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 38 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 23 பேர் தெற்காசியர், ஏறத்தாழ கி. பி. 800-ஐ ஒட்டி, அதுவும் ஒரே சமயத்தில் அன்றிப் பல சமயங்களில் இறந்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியினர், ஒருவர் தென்கிழக்காசியர். இப்பதினைவரும் கி. பி. 1800-ஐ ஒட்டி இறந்தவர்கள். இவ்வளவு தொலைவிலிருந்து அவர்கள் இங்கு வந்தது ஏன் என்பது விடை காணப்படாத வினா.

இவ்வினாவை எழுப்ப முடிந்ததே, சில எலும்புகள் முறையாகச் சேர்க்கப்பட்டு நிலையத்தில் இருந்ததனால்தான். ஏரிக்கரையில் கிடந்தவை மலைச்சரிவினால் புரட்டப்பட்டும், வருவோரால் கலைக்கப்பட்டும், நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லப்பட்டும் சீர்குலைந்தன. எந்த எலும்பு எந்தப் பொருளோடு கிடந்தது என்பதை இனி அறிதல் அரிது. இமயத்தின் கணவாய்கள் வணிகரும் இடையரும் யாத்திரிகரும் நெடுங்காலம் நடந்த வழிகளாதலின், பனி பின்வாங்கும் இடங்களில் அவர்கள் விட்டுச் சென்றவை வெளிப்படக் கூடும். நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. எனினும், சட்டம் மலையுச்சியில் நின்று காவல் காக்க இயலாது. அவ்விடத்துக்குச் செல்வோரே காவலராதல் வேண்டும். அத்தகைய பொருளைக் காண்பவர் அதைத் தூக்காமல், இருந்தவாறே படம் எடுத்து, இடத்தைத் திருத்தமாகக் குறித்து, தொல்பொருள் துறையினருக்கு அறிவித்தலே முறை.

பனி மனிதனைப் பற்றிய கருத்தும் அண்மையில் மாறியுள்ளது. அவன் இறந்தவுடனே பனி மூடி, 1991 வரை திறவாமல் காத்தது என்றே முன்பு கருதினர். நார்வேயின் பனித்திட்டுக்களில் பயின்ற ஆராய்ச்சியாளர் 2022-இல் அச்சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, அவன் உடல் பனிமேற் கிடந்து பிறகே பள்ளத்தில் இறங்கியதென்றும், இடையிடையே வெளிப்பட்டிருக்கும் என்றும் கூறினர். அவன் பிழைத்தது ஓர் அற்புதத் தற்செயல் அன்று. ஆகவே அவனைப்போல் வேறு சிலரும் மலைகளில் இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

பனித்திட்டு ஒரு நூல் நிலையத்தைப் போன்றது. ஆனால் அதன் கதவு திறப்பதும் அதன் சுவர் இடிவதும் ஒரே நிகழ்ச்சியாகும். ஒவ்வோர் அம்பும் சட்டையும் நம் அறிவுக்கு வரவு. அதைத் தந்த பனியோ திரும்பி வராத செலவு. பொருட்காட்சிசாலையின் பேழை எத்துணைத் திறமையாக அமைந்தாலும், மின்சாரமும் மனித முயற்சியும் உள்ளவரையே அது காக்கும். பனியோ யாதொரு செலவுமின்றி ஆயிரமாயிரம் ஆண்டு காத்தது. லோம் நகரிலும் போல்ஸானோவிலும் இக்காட்சிகளைக் காண்போர், பேழைக்குள் இருக்கும் பொருளோடு, பேழைக்குள் இல்லாத பனியையும் எண்ணிப் பார்த்தல் தகும்.